வெளிநாட்டுப் பயணமும் நம் கடைச் சரக்கும்



துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் கல்ஃபுட் உணவுக் கண்காட்சிக்கு இம்முறை நம் பகுதி மொத்த வியாபாரிகள் சிலர் குழுவாகப் போவதாக இருக்கிறார்கள். வேறு சிலர் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா சுற்றி வர ஏஜெண்டிடம் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். மகனும் மகளும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிவிட்டதால், பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் செவ்வாய்ப்பேட்டையில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ கார் பிடித்துப் போய் விமானம் ஏறுவது, முன்பெல்லாம் ஈரோட்டுக்கு மஞ்சள் வாங்கப் போனது மாதிரி ஆகிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் இவர்களில் பலர் பெட்டி கட்டுகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவது இதுதான்: மளிகைக்காரன் வெளிநாடு போகும்போது அவனுக்குப் பெரிய ஆபத்து அவன் கடைச் சரக்கிலேயே இருக்கிறது. நாம் தினமும் கையால் அள்ளி எடை போடுகிற பொருள் என்பதால் அதில் குற்றம் இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

2014-ல் நானும் என் வீட்டாரும் மகளைப் பார்க்க ஷார்ஜா கிளம்பினோம். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, முப்பது வருடம் பழகிய ஒரு நண்பர் வந்தார். நான் அண்ணா என்று கூப்பிடுகிற மனிதர். துபாயில் வேலை பார்க்கும் அவர் மகனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். குருமாப் பொடி, இட்லிப் பொடி, கொஞ்சம் மளிகைச் சாமான், அவ்வளவுதான் என்றார். வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அன்றிரவு மகள் போனில் பேசியபோது, பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொட்டலத்தைச் சொன்னேன். "பிரிச்சுப் பாருங்கப்பா" என்றாள். அடுத்தவர் பொட்டலத்தை எப்படிப் பிரிப்பது என்று எனக்குக் கூச்சம். அவள் விடவில்லை. பிரித்தேன். உள்ளே கால் கிலோ கசகசா. "ஐயோ, அதை மட்டும் எடுத்துட்டு வந்துறாதீங்கப்பா, இங்க ஜெயில்ல போட்டுருவாங்க" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கசகசா என் மண்டிச் சரக்கு. அன்று மதியம்தான் அந்த அண்ணா ஆளனுப்பி வாங்கியிருந்தார். பொட்டலத்தின் மேல் என் கடைச் சிட்டை ஒட்டியிருந்தது. கசகசா வியாபாரத்தில் அதுவரை எனக்கு முப்பது வருட அனுபவம். ஐக்கிய அரபு எமிரேட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள் என்பது தெரியாமலே முப்பது வருடமும் விற்றிருக்கிறேன்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது. கசகசாவும் அபினும் ஒரே செடியில் வருபவை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அதைப் பயிரிடுகிறார்கள். காயைக் கீறிப் பாலை எடுத்தால் அபின். காய் முற்றிக் காய்ந்த பின் உள்ளே இருக்கும் விதைதான் கசகசா. விதையைத் தின்றால் போதை இல்லை. ஆனால் காயின் பால் விதையின் மேல் தோலில் லேசாக ஒட்டியிருக்கும். பரிசோதனையில் அது மார்ஃபின் என்று காட்டும். நம் நாட்டுச் சட்டம் விதையை விற்க அனுமதிக்கிறது. துருக்கியிலிருந்து இறக்குமதியும் ஆகிறது; அதற்குக்கூட குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அரபு எமிரேட்டும் சவுதி அரேபியாவும் விதையையே தடை செய்திருக்கின்றன. சிங்கப்பூரிலும் போதைப்பொருள் தடுப்புத் துறையின் அனுமதி இல்லாமல் கசகசாவை உள்ளே கொண்டு போக முடியாது. முழு விதையாக இருந்தால் கண்ணுக்காவது தெரியும். வீட்டில் அரைத்த குருமாப் பொடியிலும் பிரியாணி மசாலாவிலும் கலந்திருந்தால் கொண்டு போகிறவருக்கே தெரியாது. அரைத்த அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

நான் கசகசாவை எடுத்துவிட்டு மீதியைக் கொண்டு போயிருக்கலாம் என்று சிலர் பிறகு சொன்னார்கள். குருமாப் பொடியில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? முழுப் பொட்டலத்தையும் விடிவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த அண்ணா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. "கால் கிலோ சாமான் கொண்டு போக மனசில்லாதவன்" என்று பேட்டையில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று செய்ததை இன்றும் செய்வேன்.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நூறு மூட்டைக்குப் பில் இருந்து, இடையில் ஒரு மூட்டைக்குப் பில் இல்லை என்றால் செக்போஸ்ட்டில் நிற்பது மொத்த லாரியும்தான். அந்த மூட்டை யாருடையது என்று டிரைவருக்குத் தெரியாது என்பதை யாரும் கேட்பதில்லை. விமான நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் ஒரு கேள்வி கேட்பார்கள், கவனித்திருப்பீர்கள்: பெட்டியை நீங்களேதான் கட்டினீர்களா, வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா என்று. நாமும் பழக்கத்தில் தலையாட்டி விடுகிறோம். எண்ணிப் பார்க்காமல் சரக்கு ரசீதில் கையெழுத்துப் போடும் குமாஸ்தாவை வேலையை விட்டு நிறுத்துகிற நாம், இங்கே மட்டும் தலையாட்டுகிறோம்.

சிங்கப்பூர்ச் சட்டம் இதில் மிகக் கடுமை. 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்குத் தண்டனை வரை போகும். பெட்டி யாருடையதோ அவர் தெரிந்தேதான் கொண்டு வந்தார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில். நம் ஊர்க் கோர்ட்டு வழக்கம் மனதில் இருப்பவர்களுக்கு இது புரிவது கடினம்.

2019-ல் மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி கத்தார் போனார்கள். பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்தது சொந்த அத்தை. போகும்போது ஒரு பொட்டலம் கொடுத்து, அங்கே ஒருவரிடம் சேர்க்கச் சொன்னார். ஜர்தாப் புகையிலை என்று சொல்லப்பட்டது. தோஹா விமான நிலையத்தில் பிரித்தபோது அதில் 4 கிலோவுக்கு மேல் ஹஷீஷ். தம்பதிக்கு 10 ஆண்டு சிறை. அந்தப் பெண் கர்ப்பிணி. சிறையிலேயே குழந்தை பிறந்தது. இந்தியாவில் குடும்பத்தார் புகார் கொடுத்து, இங்குள்ள போதைப்பொருள் தடுப்புத் துறை விசாரித்து, அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்பது தெரிந்து, 2021-ல் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதுவும் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சொந்த அத்தை கொடுத்த பொட்டலம். அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியா, அமெரிக்கா. அங்கே பிரச்சினை போதை அல்ல, வண்டு. நம் குடோனில் நமக்கே எதிரியான அதே வண்டுதான்.

கப்ரா வண்டு என்று ஒன்று. கோதுமை, பயறு, அரிசி மூட்டைகளில் பழுப்பு நிறத்தில் முடி முடியாகப் புழு இருக்குமே, அதன் தாய். தீனி இல்லாவிட்டாலும் அந்தப் புழு சாக்குத் தையலிலும் சுவர் விரிசலிலும் வருடக் கணக்கில் உறங்கிக் கிடக்கும். மருந்து அடித்தாலும் எளிதில் சாகாது. இந்த வண்டு இல்லாத நாடுகள் அது உள்ளே வந்துவிடக் கூடாது என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கோதுமை ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாடு ஆஸ்திரேலியா. ஒரு பெட்டியில் வந்த அரை கிலோ கொண்டைக்கடலை அவர்கள் ஏற்றுமதியையே கவிழ்க்கக் கூடும்.

ஆகவே 2020 முதல் ஆஸ்திரேலியா, பயணிகள் பெட்டியில் கொண்டு வரக் கூடாத விளைபொருள்கள் என ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் படித்தபோது என் கடைச் சரக்கு இருப்புப் புத்தகத்தைப் படிப்பது போலவே இருந்தது. அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு, காராமணி, மைசூர்ப் பருப்பு, பட்டாணி, வேர்க்கடலை, கோதுமை, சீரகம், கொத்தமல்லி விதை, சோம்பு, மிளகாய் வற்றல். இதில் விட்டுப் போனது புளியும் உப்பும்தான் என்று என் மகனிடம் சொல்லிச் சிரித்தேன். அமெரிக்காவும் இந்த வண்டை முன்னிட்டு, நம் நாட்டிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி கொண்டு வருவதைத் தடுத்திருக்கிறது. நம் அம்மாக்கள் பேரனுக்குப் பொங்கல் வைக்கப் பச்சரிசி கட்டிக்கொண்டு போகிறார்கள். நியூ ஜெர்சியில் நம்மவர் மளிகைக் கடையிலேயே பச்சரிசி கிடைக்கும் என்றால் நம்ப மாட்டார்கள்.

இந்த நாடுகளில் ஒரு நல்ல வழக்கமும் உண்டு. இறங்கும்போது, சாப்பாட்டுப் பொருள், விதை, செடி எதுவும் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் அதை எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும். இருக்கிறது என்று சொல்லிவிட்டால், ஆகாத பொருளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு உங்களை அனுப்பிவிடுவார்கள். பொருள்தான் நஷ்டம். இல்லை என்று சொல்லிப் பிடிபட்டால்தான் அபராதம். 2019 அக்டோபரில் சிட்னி விமான நிலையத்தில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு பெண், பன்றி இறைச்சி உட்பட சுமார் 10 கிலோ உணவுப் பொருளைச் சொல்லாமல் கொண்டு வந்ததற்காக விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாமல் பக்கத்து சீட்டுக்காரரிடம் படிவத்தைக் கொடுத்து, அவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் போட்டுத் தருவது நம்மவர்களுக்குச் சாதாரணமாக நடக்கிறது. அவர் நல்லெண்ணத்தில்தான் போடுகிறார். கையெழுத்து நம்முடையது.

விமானத்திலேயே ஏற்ற விடாத சரக்கும் நம்மிடம் உண்டு. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ச் சத்து அதிகம். அடைத்து வைத்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும் பொருள் என்று சர்வதேச விமானச் சரக்கு விதிகளில் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். காங்கேயம் பக்கத்துக் கொப்பரைக் களத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. கற்பூரமும் தீப்பற்றும் பொருள் வகையில் வருகிறது. தீப்பெட்டிக் கட்டும் ஆகாது. பூஜை சாமான் என்று சொல்லிப் பயனில்லை. ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. அடிப்பெட்டியில்தான் வைக்க வேண்டும், அதுவும் போகிற நாடு அனுமதித்தால். குட்கா, ஹான்ஸ் வகையறா பாக்கெட்டில் கிடக்கும் நண்பர்கள் சிங்கப்பூர் போகுமுன் வீட்டிலேயே எறிந்துவிடுங்கள். 2016 ஆகஸ்ட் முதல் மெல்லும் புகையிலை வகைகள் அங்கே முழுத் தடை. சிகரெட்டுக்கும் அங்கே வரிச் சலுகை கிடையாது. ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

மருந்து விஷயம் நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை டப்பாவில் கொட்டிக் கலந்து எடுத்துப் போகக் கூடாது. அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கு இங்கே எழுதித் தரும் டிராமடால், கோடீன் சேர்ந்த இருமல் மருந்து ஆகியவை அரபு எமிரேட்டில் கட்டுப்பாட்டு மருந்துகள். அங்குள்ள சுகாதாரத் துறையின் முன் அனுமதி வேண்டும். எகிப்தில் 2017-ல் இங்கிலாந்துப் பெண் ஒருவர் துணைவரின் முதுகு வலிக்கென்று 290 டிராமடால் மாத்திரை கொண்டு போய் மூன்று வருடத் தண்டனை பெற்றார்.

காகித விஷயங்களை ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கிறதா என்று டிக்கெட் போடுமுன் பாருங்கள். நம் தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று, பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து, மற்றக் கட்டம் காலியாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று 2022 நவம்பரில் அரபு எமிரேட் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது தகப்பனார் பெயரை விரித்து எழுதிக் கட்டத்தை நிரப்பிவிடுவதே நல்லது. டிக்கெட்டில் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்க வேண்டும்.

பணம்: இந்திய ரூபாய் 25,000-க்கு மேல் கையில் எடுத்துப் போகக் கூடாது. வெளிநாட்டு நோட்டு பொதுவாக 3,000 டாலர் மதிப்பு வரை. அதையும் உரிமம் உள்ள மாற்றுக் கடையில் பில்லோடு வாங்குங்கள். பில்லில்லாமல் வாங்குவதன் ருசி நமக்குத் தெரியும். அதை அங்கே காட்ட வேண்டாம்.

தங்கம்: ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டு வருபவருக்குத்தான் நகைச் சலுகை. பத்து நாள் போய் வருபவருக்கு அது கிடையாது. வீட்டார் கனமான நகை போட்டுக்கொண்டு வந்தால், கிளம்பும்போதே விமான நிலைய சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது பேச்சு வராது. டிக்கெட் எடுத்துத் தருகிறேன், வரும்போது ஒரு சின்னப் பொருள் கொண்டு வந்தால் போதும் என்று நம் பையன்களிடம் யாராவது சொன்னால், அதற்குத் திருச்சியில் ஒரு பெயர் உண்டு: குருவி. பிடிபடுவது குருவி. கூட்டின் சொந்தக்காரன் அல்ல.

இதையெல்லாம் நான் சென்ற மாதம் டீக்கடையில் சொன்னபோது ஒரு நண்பர் சிரித்தார். "வருஷத்துக்கு நூறு பேர் போய் வர்றாங்க, யாருக்கு என்ன ஆச்சு? நீங்க ஏன் இப்படிப் பயமுறுத்தறீங்க?" என்றார். அவர் சொல்வதும் சரிதான்; பெரும்பாலோர் ஊறுகாயும் பொடியும் கொண்டு போய்ச் சுகமாகத் திரும்புகிறார்கள். குடோனில் நாற்பது வருடமாகத் தீப்பிடித்ததில்லை, இருந்தும் அவர் வருடம் தவறாமல் இன்ஷூரன்ஸ் கட்டுகிறார். அதைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை, டீக்காசு மட்டும் அவர் கொடுத்தார்.

உண்மையில் பயத்தைவிடக் கூச்சம்தான் நமக்குப் பெரிய பிரச்சினை. உறவுக்காரர் கொடுத்ததைப் பிரித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு, மறுப்பது அதைவிடக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். தனி மனிதன் மறுத்தால் மனத்தாங்கல். ஆகவே நம் சங்கமே ஒரு வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்: சங்கக் குழுவில் வெளிநாடு போகிறவர் யாரும் பிறர் பார்சல் எடுத்துப் போவதில்லை என்று. "சங்கத்துல வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பழி சங்கத்தின் மேல் போகட்டும், சங்கம் தாங்கும்.

நாம் பயணம் போகாவிட்டாலும் விற்கிறவர்கள் என்ற முறையில் நமக்குப் பங்கு உண்டு. மகனுக்கு அனுப்ப என்று ஒரு தாய் பட்டியல் கொண்டு வந்தால் அவருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்தான். என் மண்டியில் சில்லறை குறைவு. ஆனாலும் எடை போடும் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: கசகசாவோ, மசாலாச் சாமானோ, கொப்பரையோ வாங்கி "நல்லா பேக் பண்ணிக் குடு தம்பி" என்று யாராவது சொன்னால், தராசில் போடுமுன் எந்த நாட்டுக்கு என்று கேள். சென்ற வாரம் அப்படிக் கேட்டதில், அபுதாபிக்குப் போகவிருந்த ஒரு பொட்டலத்திலிருந்து கசகசா கழிந்தது. அந்த அம்மாள் அதற்குப் பதிலாக 200 கிராம் முந்திரி வாங்கிக்கொண்டு போனார்.